சார்லஸ் ஆற்றுப் பாலம் வழக்கு, 1837: பட்டயம் பேசாமல் விட்ட இடத்தில் யாருக்கு உரிமை?

1837 பிப்ரவரி 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு பாலத் தகராறைத் தீர்த்துவைத்தது. பாஸ்டனுக்கும் எதிர்க்கரையில் இருந்த சார்ல்ஸ்டவுனுக்கும் நடுவே ஒரு கம்பெனி பாலம் கட்டி, ஐம்பது ஆண்டுகளாகச் சுங்கம் வாங்கி வந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு பாலம் கட்ட மாசசூசெட்ஸ் அரசு வேறொரு கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. சில ஆண்டுகளில் அந்தப் புதுப் பாலம் இலவசமாகிவிட, பழைய பாலத்தில் சுங்கம் கட்ட ஆளில்லாமல் போனது. கொடுத்த வாக்கை அரசு மீறியதா, கொடுக்காத வாக்கைக் கம்பெனி உரிமை கொண்டாடியதா என்பதுதான் வழக்கு.

குடியரசின் தொடக்க காலத்தில் அரசின் அதிகாரத்துக்கும் கம்பெனியின் அதிகாரத்துக்கும் எல்லை வகுக்க அமெரிக்கர்கள் செய்த முயற்சியைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான வழக்கு இல்லை. மற்ற வழக்குகளில் இரண்டில் ஏதாவது ஒரு அச்சம்தான் தெரியும். இங்கே இரண்டும் நேருக்கு நேர் மோதின. ஒன்றைக் கட்டுப்படுத்தினால் மற்றொன்றின் கட்டு தளரும் என்ற நிலை. அதில் பழைய கம்பெனிக்கு எதிராக நீதிமன்றம் எடுத்த முடிவு சரி, மாசசூசெட்ஸ் சட்டமன்றம் நடந்துகொண்ட விதம் சரியில்லை, இரண்டுக்கும் வேர் 1785இல் எழுதிய ஒரு பட்டயத்தில் இருக்கிறது என்பதே இந்த ஆய்வின் முடிவு.

அரசு பெற்ற பிள்ளை

அன்று கம்பெனி என்பதே அரசு பெற்ற பிள்ளை. இன்றுபோல் படிவத்தை நிரப்பிப் பதிவாளரிடம் கொடுத்துவிட்டுத் தொழில் தொடங்க முடியாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டும், அதுதான் பட்டயம். கம்பெனியின் பெயர், நோக்கம், எத்தனை ஆண்டு ஆயுள், என்ன கட்டணம் வாங்கலாம் எல்லாம் அதில் இருக்கும். 18ஆம் நூற்றாண்டு முடியும்வரை நாடு முழுவதும் கொடுக்கப்பட்ட வணிகப் பட்டயங்கள் முந்நூற்றுச் சொச்சம்தான். பெரும்பாலும் பாலம், சுங்கச்சாலை, கால்வாய், குடிநீர் போன்ற பொதுப்பணிகளுக்கானவை. ஆகவே ஒரு கம்பெனி அளவுக்கு மீறி வளர்கிறது என்றால், சட்டமன்றத்தில் யாரோ யாருக்கோ சலுகை காட்டியிருக்கிறார்கள் என்றே மக்கள் எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்து மன்னர்கள் ஏகபோகங்களை விற்றுக் காசு பார்த்த வரலாறு அவர்களுக்கு மறக்கவில்லை.

மாசசூசெட்ஸின் 1780 அரசியலமைப்பில், உரிமைப் பிரகடனத்தின் 6ஆம் கூறு இதை நேராகவே சொல்கிறது: பொதுமக்களுக்குச் செய்த சேவைக்கு ஈடாக அல்லாமல், எந்த மனிதருக்கும் எந்தக் கூட்டு நிறுவனத்துக்கும் மற்றவர்களுக்கு இல்லாத தனிச்சலுகை பெற உரிமை கிடையாது. வழக்கு நடந்த மாநிலத்தின் அடிப்படைச் சட்டமே இது என்பதால் இந்த வாசகத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கூட்டாட்சி அளவிலும் இதே தயக்கம்தான். 1787 செப்டம்பர் 14 அன்று பிலடெல்பியா மாநாட்டில், கால்வாய் வெட்டும் அதிகாரத்தைக் காங்கிரசுக்குக் கொடுக்கலாம் என்றார் பெஞ்சமின் பிராங்க்ளின். அதை விரித்து, நாட்டு நலனுக்கு வேண்டிய இடத்தில் பட்டயம் வழங்கும் அதிகாரமாகவே கொடுக்கலாம் என்றார் ஜேம்ஸ் மேடிசன். வங்கிச் சண்டையும் வணிக ஏகபோகமும் இதன் வழியாக வரும் என்று ரூஃபஸ் கிங் எச்சரித்தார். எந்த வகை ஏகபோகமும் ஆபத்து என்றார் ஜார்ஜ் மேசன். கால்வாயோடு மட்டும் நிறுத்திய தீர்மானமே 8 மாநிலங்களுக்கு 3 என்று தோற்றது. அதன் பிறகும் 1791இல் காங்கிரஸ் ஒரு வங்கிக்குப் பட்டயம் கொடுத்தது. ஜெபர்சன் எழுத்தில் எதிர்த்தார், ஹாமில்டன் ஆதரித்தார், வாஷிங்டன் கையெழுத்திட்டார். 20 ஆண்டு ஆயுள் முடிந்து 1811இல் புதுப்பிக்க வந்தபோது செனட்டில் 17க்கு 17. துணை அதிபர் ஜார்ஜ் கிளின்டனின் வாக்கு அதைச் சாய்த்தது. 1816இல் இரண்டாவது வங்கி வந்தது. 1832 ஜூலை 10 அன்று அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் அதன் புதுப்பிப்பை மறுத்துத் திருப்பி அனுப்பினார். அந்த மறுப்புரையை எழுத உதவியவர்களில் ஒருவர், அப்போது தலைமை வழக்கறிஞராக இருந்த ராஜர் டானி. பின்னால் தலைமை நீதிபதியாகிப் பாலம் வழக்கின் தீர்ப்பை எழுதப்போகிறவரும் இவரே.

அரசின் மீதிருந்த அச்சத்துக்கும் நல்ல காரணம் உண்டு. 1780களில் பல மாநிலச் சட்டமன்றங்கள் கடனாளிகளுக்குச் சாதகமாகச் சட்டம் போட்டன, மதிப்பிழந்த காகிதப் பணத்தை ஏற்கும்படி கட்டாயப்படுத்தின. அதைத் தடுக்கத்தான் அரசியலமைப்பின் முதலாம் கூறு 10ஆம் பிரிவில், ஒப்பந்தக் கடப்பாட்டைக் குலைக்கும் சட்டத்தை எந்த மாநிலமும் இயற்றக் கூடாது என்று எழுதினார்கள். கடன் கொடுத்தவரைக் காக்க வந்த அந்தச் சொற்கள், தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் காலத்தில் எல்லை தாண்டி வளர்ந்தன. 1810இல் ஜார்ஜியா அரசு வழங்கிய நிலமும் ஒப்பந்தம்தான் என்றார். 1819இல் டார்ட்மத் கல்லூரி வழக்கில், பட்டயமே ஒப்பந்தம் என்றார். அந்த நாளிலிருந்து பட்டயம் வைத்திருந்த ஒவ்வொரு கம்பெனிக்கும் மாநிலச் சட்டமன்றத்துக்கு எதிரான ஒரு கேடயம் கிடைத்துவிட்டது. அந்தக் கேடயம் எவ்வளவு அகலம் என்பதுதான் பாலம் வழக்கில் அளக்கப்பட்டது.

1785 பட்டயம்: இருந்தவையும் இல்லாதவையும்

பாலத்துக்கு முன்பு அங்கே படகுத்துறை இருந்தது. 1650இல் காலனிச் சட்டமன்றம் அந்தத் துறையைக் குத்தகைக்கு விடும் உரிமையை ஹார்வர்டு கல்லூரிக்குக் கொடுத்தது. 1785 வரை அந்த வருமானம் கல்லூரிக்குப் போனது. குளிர்காலப் பனிக்கட்டியும் கடல் ஓதமும் மோதும் ஆற்றில் படகை நம்ப முடியாது என்பதால் வணிகர்கள் பாலம் கேட்டு மனுக் கொடுத்தார்கள்.

1785இல் சட்டமன்றம் கொடுத்த பட்டயத்தின் சாரம் இது. பாலத்தைக் கம்பெனி தன் செலவில் கட்ட வேண்டும். பட்டயத்தில் சொன்ன விகிதப்படி 40 ஆண்டு சுங்கம் வாங்கலாம். அந்தக் காலம் முழுவதும், படகுத்துறை போனதற்கு ஈடாக ஹார்வர்டுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு கட்ட வேண்டும். மாசசூசெட்ஸ் நாணயக் கணக்கில் அது ஏறத்தாழ 667 டாலர். 40 ஆண்டு முடிந்ததும் பாலம் மாநிலத்துக்குச் சொந்தம்.

150 பங்குகள், ஒவ்வொன்றும் 100 பவுண்டு, அதாவது 333 டாலர். மொத்தம் சுமார் 50,000 டாலர். 1,503 அடி நீளம், 42 அடி அகலம், ஓக் மரத்தூண் வரிசைகள் 75. பனிக்கட்டி அடித்துக்கொண்டு போய்விடும் என்று பலர் நினைத்த காலத்தில் அதைக் கட்டினார்கள். பங்கர் ஹில் போரின் ஆண்டு நாளான ஜூன் 17இல், 1786இல் பாலம் திறக்கப்பட்டது. முதலீடு செய்தவர்கள் நிஜமாகவே ஆபத்தை ஏற்றார்கள் என்பதை மறுக்க முடியாது, டானியின் தீர்ப்பைச் சரி என்று சொல்கிறவர்களும் இதை மறைக்கக் கூடாது.

இனி அந்தப் பட்டயத்தில் இல்லாதவற்றைப் பார்க்க வேண்டும், வழக்கே அங்கேதான் தொங்கியது. பாலத்துக்கு மேலேயோ கீழேயோ ஆற்றின் மீது தனியுரிமை கொடுப்பதாக ஒரு வரி இல்லை. பிறர் பாலம் கட்டுவதைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. இன்னொரு பாலத்துக்கு அனுமதி தரமாட்டோம் என்ற அரசின் உறுதிமொழி இல்லை. வருமானத்தைக் குறைக்கும் எந்த மேம்பாட்டையும் செய்யமாட்டோம் என்ற வாக்கும் இல்லை. மறுபக்கம், போக்குவரத்து பெருகினால் கட்டணத்தைக் குறைப்பது எப்படி, 40 ஆண்டுக்கு முன்பே மாநிலம் வாங்க விரும்பினால் என்ன விலை, இவற்றுக்கும் ஏற்பாடு இல்லை. இரு தரப்பும் தங்களுக்கு வேண்டியதை எழுதாமல் விட்டார்கள்.

1792: ஒட்டுப்போட்ட ஆண்டு

வழக்கில் வாசிக்க வேண்டிய ஆவணம் எது என்று கேட்டால் பலரும் 1785 பட்டயத்தைக் காட்டுவார்கள். 1792 சட்டமே அதைவிட முக்கியம் என்பது எங்கள் எண்ணம். அந்த ஆண்டு கேம்பிரிட்ஜ் பக்கமிருந்து பாஸ்டனுக்கு மேற்கு பாஸ்டன் பாலம் கட்ட இன்னொரு குழு பட்டயம் கேட்டது. சார்லஸ் ஆற்றுப் பாலக் கம்பெனி எதிர்த்தது. சட்டமன்றம் புதிய பட்டயத்தைக் கொடுத்தது. கூடவே பழைய கம்பெனியின் ஆயுளைத் திறப்பு நாளிலிருந்து 70 ஆண்டாக, அதாவது 1856 வரை, நீட்டியது. காரணமும் எழுதியது: பழைய பாலம் ஆபத்தும் பொதுப்பயனும் கொண்ட பணி, புதுப் பாலம் அதன் வருமானத்தைக் குறைக்கக்கூடும், ஆகவே துணிந்து தொழில் செய்வோரை ஊக்குவிக்க இந்த நீட்டிப்பு.

அந்த ஒரே வாக்கியத்தை வைத்து இரண்டு தரப்பும் வாதாடின. உரிமை இல்லாவிட்டால் ஈடு எதற்குக் கொடுத்தார்கள் என்றது கம்பெனி. உரிமை இருந்திருந்தால் கம்பெனியின் சம்மதம் இல்லாமல் எப்படி இரண்டாவது பாலத்துக்கு அனுமதி கொடுத்திருப்பார்கள் என்றது எதிர்த்தரப்பு. "இது அருளால் கொடுப்பது, உரிமையால் அல்ல" என்றோ "இத்தனை தூரத்துக்குள் வேறு பாலம் வராது" என்றோ ஒரு வரி சேர்த்திருந்தால் 1837க்கு வேலையே இருந்திருக்காது. சிக்கல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றபோதும், அதைத் தீர்க்காமல் 30 ஆண்டு கூடுதல் சுங்கத்தைக் கொடுத்து மூடினார்கள். அந்த 30 ஆண்டுச் சுங்கத்தைக் கட்டப்போவது பாலத்தில் நடக்கிற மக்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

கணக்கு

பாஸ்டனின் மக்கள்தொகை 1790இல் 18,320. 1830இல் 61,392. சுங்க விகிதம் 1785இல் எழுதியதே. மூன்று மடங்குக்கும் மேல் பெருகிய ஊரில் பழைய விகிதத்தையே வசூலித்தால் என்ன ஆகும் என்பதைப் பங்கு விலை காட்டுகிறது: 333 டாலருக்கு வெளியிட்ட பங்கு 1805இல் சுமார் 1,650 டாலர், 1814இல் 2,000 டாலருக்கு மேல். 1827 வாக்கில் ஆண்டுச் சுங்கம் சுமார் 30,000 டாலர். கட்டிய செலவே 50,000 டாலர் என்ற பாலத்தில், இரண்டே ஆண்டு வசூல் அதைத் தாண்டும். பராமரிப்பும் ஹார்வர்டின் 667 டாலரும் போனாலும் லாபம் கொழுத்தது.

இந்த லாபத்துக்குத் திறமையைவிட ஊர் வளர்ச்சியே காரணம். 1785இல் ஆபத்துக்கு ஈடாக நிர்ணயித்த விகிதம், ஆபத்து தீர்ந்த பிறகும் அப்படியே ஓடியது. இதைத் திருத்தும் வழி பட்டயத்தில் இல்லாததால், மக்களின் கோபம் வேறு வழியைத் தேடியது.

1823 முதலே சார்ல்ஸ்டவுன் வணிகர்கள் புதுப் பாலம் கேட்டு மனுக் கொடுத்தார்கள். 1827இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் லெவி லிங்கன் மறுத்துத் திருப்பினார். 1828 மார்ச்சில் வந்த மசோதாவில் கையெழுத்திட்டார். வாரன் பாலம் என்று பெயர். சார்ல்ஸ்டவுன் பக்கம் பழைய பாலத்தின் தலைப்பிலிருந்து 16 ராடு, ஏறத்தாழ 80 மீட்டர் தள்ளி. பாஸ்டன் பக்கம் சுமார் 50 ராடு, 250 மீட்டர். இரண்டு பாலத்துக்கும் ஆட்கள் வந்து சேரும் இடம் ஒன்றுதான், சார்ல்ஸ்டவுன் சதுக்கம்.

புதிய பட்டயம் பழையதிலிருந்து பாடம் படித்து எழுதப்பட்டது. கட்டிய செலவும் பராமரிப்புச் செலவும் திரும்பக் கிடைத்ததும் பாலம் மாநிலத்துக்குப் போக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் சுங்கம் ஆறு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுக் கணக்கை மட்டும் நம்பாமல் செலவு மீட்பையும் எல்லையாக வைத்தது நல்ல வரைவு. 1828 டிசம்பரில் திறந்தார்கள். சட்டமன்றம் சுங்கக் காலத்தைச் சற்று நீட்டித்தது, 1836இல் பாலம் இலவசமானது. பழைய பாலத்தின் பட்டயத்தில் அப்போது இன்னும் 20 ஆண்டு மீதி இருந்தது. மதிப்பு மட்டும் இல்லை.

நீதிமன்றத்தில்

பழைய கம்பெனி 1828இலேயே மாநில உச்ச நீதிமன்றத்தில் தடையாணை கேட்டது. அங்கே நீதிபதிகள் இருவருக்கு இருவர் பிரிந்தார்கள். மேல்முறையீடு போக வழிசெய்து மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முதல் வாதம் 1831இல் நடந்தது, முடிவு வரவில்லை. நீதிபதிகளுக்குள் ஒற்றுமை இல்லை, சிலர் வரமுடியாமல் போனார்கள், இடங்கள் காலியாயின. 1835 ஜூலை 6 அன்று மார்ஷல் இறந்தார். அவர் இடத்துக்கு 1836இல் ஜாக்சன் கொண்டுவந்தவர் டானி. வங்கியின் மறுப்புரையில் கைவைத்தவர்; 1833இல் நிதிச் செயலராக இருந்து வங்கியிலிருந்த அரசுப் பணத்தை வேறு வங்கிகளுக்கு மாற்றியவர்; அதற்காகவே 1834இல் அந்தப் பதவிக்கு செனட் அவரை ஏற்க மறுத்தது. 1837 ஜனவரியில் வழக்கு மறுபடி வாதத்துக்கு வந்தபோது ஏழு பேரில் பெரும்பாலோர் ஜாக்சன் நியமித்தவர்கள். கம்பெனிக்காக டேனியல் வெப்ஸ்டரும் வாரன் டட்டனும், எதிர்த்தரப்பில் சைமன் கிரீன்லீஃபும் ஜான் டேவிஸும் நின்றார்கள்.

கம்பெனிக்கு ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது. இழப்பீடு இல்லாமல் சொத்தை எடுக்கக் கூடாது என்ற கூட்டாட்சி விதி மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1833இல் பாரன் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பழைய சட்டத்தால் கிடைத்த உரிமையைப் புதுச் சட்டம் பறிப்பதாலேயே அது கூட்டாட்சி அரசியலமைப்புக்கு முரணாகிவிடாது என்றும் முன்தீர்ப்பு இருந்தது. மீதி இருந்தது ஒப்பந்தப் பிரிவு மட்டும். அதற்குள் நுழைய, "வேறு பாலம் வராது" என்பது ஒப்பந்தத்தின் பகுதி என்று நிறுவ வேண்டும். இரண்டு படியாக முயன்றார்கள். ஹார்வர்டின் படகுத்துறை, நீதிமன்ற வழக்கத்தில் வளர்ந்த பழைய ஆங்கிலச் சட்டப்படி தனியுரிமை, அது பாலத்துக்கு மாறிவந்தது என்பது ஒன்று. படகுத்துறையை விட்டுவிட்டாலும், சுங்கம் வாங்கும் உரிமை என்பதிலேயே அதை அழிக்கமாட்டோம் என்ற வாக்கு உள்ளடங்கியிருக்கிறது என்பது மற்றொன்று.

டானி முதலாவதைச் சீக்கிரமே முடித்துவிட்டார். பாலம் வந்ததும் படகுத்துறை ஒழிந்தது. ஹார்வர்டு தன் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கவில்லை. 200 பவுண்டு ஒழிந்துபோனதற்கான ஈடு மட்டுமே. இல்லாமல் போன உரிமை எப்படிக் கைமாறும் என்று கேட்டார்.

இரண்டாவதில்தான் நிஜமான சட்டம் பிறந்தது. 1831இல் இங்கிலாந்தில் வந்த ஸ்டவர்பிரிட்ஜ் கால்வாய் தீர்ப்பை எடுத்துக்கொண்டார்: இப்படிப்பட்ட பட்டயம் தொழில் தொடங்குவோருக்கும் பொதுமக்களுக்கும் இடையிலான பேரம், சொல்லில் ஐயம் வந்தால் அது தொழில் தொடங்குவோருக்கு எதிராகவும் மக்களுக்குச் சாதகமாகவும் போக வேண்டும். மன்னராட்சி உள்ள நாட்டிலேயே மக்களுக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கும்போது இங்கே அதைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டார். 1830இல் பிராவிடன்ஸ் வங்கி வழக்கில் மார்ஷலே, வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலம் கைவிட்டதாக ஊகிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதே நியாயம் பாதை அமைக்கும் அதிகாரத்துக்கும் பொருந்தும் என்றார். தனியார் சொத்துரிமையைப் புனிதமாகக் காக்கிற அதே வேளையில், சமுதாயத்துக்கும் உரிமைகள் உண்டு என்பதையும், ஒவ்வொரு குடிமகனின் நலமும் அவற்றைக் காப்பதில்தான் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது என்ற அவரது வரி இன்றுவரை மேற்கோளாக வருகிறது.

நடைமுறைக் காரணமும் கூறினார். சுங்கச்சாலைகள் ஓடிய அதே தடத்தில் கால்வாயும் ரயிலும் வந்துகொண்டிருந்தன. சொல்லப்படாத வாக்கை ஏற்றுக்கொண்டால், செத்துக் கிடக்கிற ஒவ்வொரு சுங்கச்சாலைக் கம்பெனியும் எழுந்து வந்து ரயில் பாதையை நிறுத்தச் சொல்லும். முந்தைய நூற்றாண்டின் நிலைக்கே நாடு தள்ளப்படும் என்றார்.

நீதிபதிகள் பால்ட்வின், வெய்ன், பார்பர் மூவரும் அவரோடு நின்றார்கள், கம்பெனி தோற்றது. ஜோசப் ஸ்டோரி எதிர்த்து எழுதினார், தாம்சன் ஸ்டோரியோடு உடன்பட்டார். கம்பெனி பக்கம் நியாயம் இருந்தாலும் இந்த நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லை என்றார் மெக்லீன்.

ஸ்டோரியின் மாறுபட்ட தீர்ப்பு டானியுடையதைவிட மிக நீளம், சட்டப் புலமையிலும் கனமானது. மன்னர் தன் அருளால் இனாமாகக் கொடுத்ததைத்தான் குறுக்கிப் படிக்க வேண்டும்; விலை பெற்றுக்கொண்டு கொடுத்ததை அப்படிப் படிக்கும் வழக்கம் ஒருநாளும் இல்லை என்று பழைய வழக்குகளை அடுக்கினார். ஆறு முழுவதையும் அவர் கேட்கவில்லை. பாலத்தின் தலைப்புகளுக்குப் பக்கத்தில் நியாயமான தூரம் மட்டுமே போதும் என்றார். திறந்த மறுநாளே பக்கத்தில் இலவசப் பாலம் வரலாம் என்று தெரிந்தால் எந்தப் பைத்தியக்காரன் 1785இல் பணம் போட்டிருப்பான் என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். சொத்து பாதுகாப்பாக இருக்கும் என்ற உறுதி இல்லாவிட்டால் பாலமும் கால்வாயும் ரயிலும் வராது என்று எச்சரித்தார்.

யார் பக்கம் நியாயம்

ஸ்டோரியின் கேள்வி வலுவானது, ஆனால் அதற்கு விடை உண்டு. பணம் போடுகிறவனுக்கு உறுதி தேவை என்றால் அதைப் பட்டயத்திலேயே கேட்டு வாங்கலாம். நடைமுறையில் பட்டயத்துக்கு மனுக் கொடுப்பதும், வாசகத்தை முன்வைப்பதும், சட்டமன்றத்தில் நின்று நிறைவேற்றிக்கொள்வதும் தொழில் தொடங்குகிறவர்கள்தான். அந்த மேசையில் சுங்கம் கட்டப்போகிறவனுக்கு நாற்காலி கிடையாது. எழுதும் கை யாருடையதோ, எழுதாமல் விட்டதன் பாரமும் அவரிடமே இருப்பது முறை. தவிரவும், தனியுரிமை வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டால் சட்டமன்றத்தில் அது விவாதமாகும், மக்கள் எதிர்ப்பார்கள், விலை கூடும். சொல்லாமல் விட்டுவிட்டுப் பின்னால் நீதிமன்றத்தில் பெற்றுக்கொள்ள முடிந்தால் அந்த விவாதமே நடக்காது. டானியின் விதி ஏகபோகத்தைத் தடைசெய்யவில்லை, அதை வெளிச்சத்தில் கேட்கச் சொன்னது.

இதற்குச் சான்று, வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே கிடைக்கிறது. 1830இல் பாஸ்டன் - லோவல் ரயில் கம்பெனி பட்டயம் வாங்கியபோது, அந்த இரண்டு ஊர்களுக்கிடையே 30 ஆண்டு வேறு ரயில் வரக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதி வாங்கிக்கொண்டது. 1854இல் போட்டி ரயில்கள் கைகோத்து அந்தத் தடத்தை ஒட்டி ஓட்டியபோது, மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் லோவல் கம்பெனியின் உரிமையை உறுதிசெய்தது. எழுதினால் நிற்கும், எழுதாவிட்டால் நிற்காது. முதலீடு வற்றிப்போகும் என்ற ஸ்டோரியின் பயமும் பலிக்கவில்லை; ரயில் கம்பெனிகள் அடுத்த இருபதாண்டில் பெருகவே செய்தன.

ஆனாலும் சட்டமன்றத்தைப் பாராட்ட முடியவில்லை. அதிக லாபத்தை அனுபவித்தவர்கள் தொடக்க காலப் பங்குதாரர்கள். 2,000 டாலர் கொடுத்துப் பின்னால் வாங்கியவர்களுக்கு நட்டமே மிச்சம். பாலத்தை விலைக்கு வாங்கி இலவசமாக்கும் வழி 1828இல் திறந்திருந்தது. அதற்கு வரிப்பணம் வேண்டும் என்பதால், செலவில்லாத வழியாக இன்னொரு கம்பெனியைக் கொண்டு பழையதை நசுக்கினார்கள். சட்டப்படி முடியும் என்பது அதை நேர்மையாக்கிவிடாது. பழைய பாலம் தீர்ப்புக்குப் பின் மூடிக் கிடந்தது. கடைசியில் 1841இல் மாநிலம் அதை 25,000 டாலருக்கு வாங்கியது, கட்டிய செலவில் பாதிக்கு.

டானியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். சமுதாயத்துக்கும் உரிமை உண்டு என்று எழுதிய அதே கை, 20 ஆண்டு கழித்து 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பின மக்கள் இந்த நாட்டின் குடிமக்களாக முடியாது என்று எழுதியது. 1837 தீர்ப்பின் சட்ட விதி சரியானது என்பதால் அதை எழுதியவரின் சமுதாயம் எவ்வளவு குறுகியது என்பதை விட்டுவிட முடியாது.

பட்டயம் எழுதும் முறை மாறியது

வரைவுப் பிழைகளைத் திருத்தும் வேலை தீர்ப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது. டார்ட்மத் வழக்கில் ஸ்டோரியே ஒரு வழி காட்டியிருந்தார்: மாற்றும் உரிமையை மாநிலம் பட்டயத்திலேயே ஒதுக்கி வைத்துக்கொண்டால், பின்னால் மாற்றுவது ஒப்பந்த மீறலாகாது. மாசசூசெட்ஸ் அதைப் பொதுச் சட்டமாகவே ஆக்கியது. 1831 மார்ச் 11க்குப் பின் வரும் ஒவ்வொரு பட்டயமும் திருத்தத்துக்கும் ரத்துக்கும் உட்பட்டது என்றது. மற்ற மாநிலங்களிலும் இது பரவியது. இதில் ஆபத்தும் இருக்கிறது. கம்பெனியைக் கட்டும் அதே வரி, சட்டமன்றத்தின் கையை அவிழ்த்தும் விடுகிறது. சரியான ஏற்பாடு, எந்தச் சூழலில், என்ன அறிவிப்பு கொடுத்து, எந்த விலையில் மாற்றலாம் என்பதையும் சேர்த்து எழுதுவதுதான். அந்த அளவுக்குப் போன பட்டயங்கள் குறைவு.

சலுகை என்ற நோயின் வேரை வெட்ட இன்னொரு வழியும் வந்தது: தனிப் பட்டயமே வேண்டாம், நிபந்தனையை நிறைவேற்றுகிற எவரும் கம்பெனி தொடங்கலாம். நியூயார்க் 1811இலேயே உற்பத்தித் தொழில்களுக்கு இதைச் செய்தது. ஐந்து பேருக்குக் குறையாமல் சேர வேண்டும், மூலதனம் 100,000 டாலரைத் தாண்டக் கூடாது, ஆயுள் 20 ஆண்டு. 1846இல் அதன் அரசியலமைப்பே தனிப் பட்டயங்களுக்குக் கடிவாளம் போட்டு, பொதுச் சட்டத்தின்கீழ் வருவதையே வழக்கமாக்கியது. சட்டமன்ற உறுப்பினரைக் காக்காய் பிடிக்க வேண்டிய தேவை குறைந்தது, நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு கம்பெனியையும் தனியாக எடுத்து, எதற்கு, எத்தனை காலம், எவ்வளவு என்று கேட்ட பழக்கமும் அதோடு போயிற்று. மூலதன வரம்பும் ஆயுள் வரம்பும் அடுத்த தலைமுறைகளில் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

1828இல் பாஸ்டன் எடுக்கத் தவறிய வழியை வெர்மான்ட் எடுத்தது. மேற்கு ஆற்றின் மீது 1795இல் 100 ஆண்டுப் பட்டயத்தோடு கட்டிய சுங்கப் பாலத்தை, 4,000 டாலர் இழப்பீடு கொடுத்துப் பொதுச்சாலையோடு சேர்த்துக்கொண்டார்கள். பட்டய உரிமையை எடுக்கவே கூடாது என்று கம்பெனிக்காக வாதாடியவர் மறுபடியும் வெப்ஸ்டர். பட்டயமும் நிலம், வீடு போல ஒரு சொத்துதான், பொதுத் தேவைக்கு இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று 1848இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.